கழுத்து டீச்சர்

சித்தூரில் தபீதாளிடம் மரம் வளர்க்கக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் முதல் நாள் தங்கள் கழுத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு நின்றவர்கள்தான். வயது, அந்தஸ்து எதையும் அவள் பார்க்க மாட்டாள். ஓய்வு பெற்ற வங்கி மேனேஜரானாலும் சரி, காய்கறி வண்டிக்காரரின் மனைவியானாலும் சரி, தெருவோரம் வரிசையாக நிற்க வைத்து, "கையத் தூக்குங்க, கழுத்தப் பிடிங்க, இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்பாள். யாராவது ஒருவர் இருமத் தொடங்கிய பிறகுதான் விடுவாள்.

"மூச்சு முட்டுச்சு இல்ல? செடிக்கும் அப்படித்தான். தண்டு மண்ண உட்டு மேல வர்ற எடம் இருக்குது பாருங்க, அதான் அதுக்குக் கழுத்து. அத்த மண்ணு போட்டு மூடாதீங்க. கல்லு வெச்சு நெருக்காதீங்க. கயிறு கட்டி இறுக்காதீங்க. மத்ததுல நீங்க தப்பு பண்ணினாக்கூட மரம் தாங்கிக்கும். இதுல தாங்காது."

இப்படித்தான் அவளுக்குக் கழுத்து டீச்சர் என்று பெயர் வந்தது. வகுப்பு நீண்டுபோன நாட்களில் சிலர் கழுத்தறுப்பு டீச்சர் என்றும் சொன்னார்கள். அதை ஊரெல்லாம் பரப்பியது வேறு யாருமில்லை, அவள் புருஷன் தியோடர்தான். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறு என்ன வேலை.

தபீதாள் டீச்சரே இல்லை. சித்தூரில் ஒரு மிஷன் ஹாஸ்டலில் மேட்ரனாக இருந்தவள். பிள்ளைகள் சேர்வது குறைந்து ஹாஸ்டலை மூடியபோது வீட்டில் வந்து உட்கார்ந்தாள். நூறு பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய், தியோடர் ஒருவரை மட்டும் அதட்டினால் அவர் தாங்குவாரா? திருப்பதியில் ஒரு அறக்கட்டளை தெருத்தெருவாக மரம் வளர்க்க ஆட்களைப் பழக்கப் போகிறது, பழக்குகிறவர்களுக்கு முதலில் பயிற்சி என்று கேள்விப்பட்டு, அவரே பஸ் ஏற்றிவிட்டார். "போய்ட்டு வா. இல்லாங்காட்டி நான் எங்கனா போயிடறேன்" என்றாராம்.

போனவள் அந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மரம் நடுவதற்கு ஆள் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. மாலையும் கையுமாக வருவார்கள், குழியில் செடியை இறக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், கையைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் ஆடு தின்றுவிட்டுப் போகும். தபீதாளுக்கு இந்த போட்டோ ஆட்களைக் கண்டாலே ஆகாது. அவளுக்கு வேண்டியது சித்திரை வெயிலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். கட்டிய கயிறு தண்டில் இறங்குகிறதா என்று குனிந்து பார்க்கிறவர்கள். ஒரு தெருவுக்கு அப்படி ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்பாள். பழைய ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அப்படிக் கிடைத்தவள் துர்காதேவி.

துர்கா நகரியில் விசைத்தறி வீட்டில் பிறந்து, சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவள் மெதுவாகப் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும். தெருமுனையில் ஒரு வேப்பங்கன்றை நட்டு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். முதல் வருஷம், மழையில் மண் அரித்துவிட்டதே என்று பாசத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி, செடியின் தண்டைச் சுற்றி வைத்து அமுக்கிவிட்டாள். தபீதாள் கண்ணில் அது பட்டதும் நடுத்தெருவில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா துர்கா, கழுத்த நெரிச்சுப் புதைச்சு வெச்சிருக்க? உன் புள்ளைக்கு இப்படிப் பண்ணுவியா நீ?"

தெருவே வேடிக்கை பார்த்தது. தறிக்காரர் வீட்டுப் பெண் பதிலுக்கு வாயைத் திறந்தால் தபீதாள் என்ன ஆவாளோ என்று எல்லோரும் காத்திருந்தார்கள். துர்கா வீட்டுக்குள் போய் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்து, உட்கார்ந்து, பல் துலக்குகிற மாதிரி அந்த மண்ணைச் சுரண்டி எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு, "இப்ப சரியாக்கா?" என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

கன்று மரமானது. எட்டே வருஷத்தில் தெருமுனைக்கு அது குடை பிடித்தது. அடியில் ஆட்டோக்கள் நின்றன, பூக்காரி கடை போட்டாள். தபீதாள் புதிய தெருக்களில் வகுப்பெடுக்கும்போது ஆட்களை இங்கே அழைத்து வந்து, மரத்தின் அடியைக் காட்டுவாள். தரையிலிருந்து தண்டு எழும்பும் இடம் யானைக் கால் போல விரிந்து, காற்றாட, சுத்தமாக இருக்கும். "இதான் கழுத்து. இப்படி இருக்கணும்" என்பாள். துர்கா பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பாள். தன் பிள்ளையை மேடையேற்றிப் பாராட்டுகிற மாதிரி அவள் முகம் இருக்கும்.

துர்காவின் மகள் யாமினி திருப்பதியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு மாதம் நிறையாமலே பிரசவமாகிவிட்டது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், சொல்ல முடியாது என்கிறார்கள் என்று போன் வந்தது. தபீதாள் ஓடி வந்தாள். இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். தெருமுனையில் துர்கா பையைத் தபீதாளிடம் கொடுத்துவிட்டு, வேப்ப மரத்துக்கு மஞ்சள் கயிறு சுற்றினாள். "கங்கம்மா தாயே, என் பொண்ணு வயித்துப் புள்ளையக் காப்பாத்திக் குடு. உனக்கு இங்கயே மேடை கட்றேன்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள்.

தபீதாளுக்கு அந்த நொடியில் மரத்தின் கழுத்து நினைவுக்கு வந்தது. உடனே தன்மேலேயே அருவருப்பும் வந்தது. ஒரு குழந்தை சாகக் கிடக்கும்போது இதுவா நினைவு என்று பேசாமல் இருந்தாள்.

திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர்கள் நாட்கணக்கில் கிடந்தார்கள். துர்கா கண்ணை மூடிக் கங்கம்மாவைக் கூப்பிட்டாள். தபீதாள் பைபிள் சங்கீதத்தை முணுமுணுத்தாள். ஒரே பொட்டலத்து எலுமிச்சம் சாதத்தை இரண்டு பேரும் பிய்த்துத் தின்றார்கள். குழந்தை பிழைத்தது. கங்கா என்று பெயர் வைத்தார்கள்.

கடவுள் கொடுத்தால் மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? வைகாசியில் வரும் கங்கம்மா ஜாதரைத் திருவிழாவுக்கு முன்னால் மேடையை முடித்துவிட வேண்டும் என்று துர்கா நின்றாள். தெருச் சங்கத்துச் செயலாளர் சிவசங்கரன் வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் எதைச் செய்தாலும் பெரிதாகச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. வெறும் செங்கல் மேடை போதாது, கருங்கல் பதிக்கலாம் என்றார். கருங்கல் என்றால் அஸ்திவாரம் வேண்டும். அஸ்திவாரம் என்றால் பள்ளம் வேண்டும்.

பள்ளம் தோண்டிய அன்று தபீதாள் அந்த வழியாக வந்தாள். மரத்தைச் சுற்றி வட்டமாகத் தோண்டியிருந்தார்கள். வெட்டிய வேர்கள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. சில வேர்கள் அவள் மணிக்கட்டுப் பருமன். தண்டை ஒட்டிக் கொட்டுவதற்கு ஜல்லியும் சிமெண்டும் தயாராக இருந்தன. வாயைத் திறந்தாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது. ஊரின் இன்னொரு மூலையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தைப் பற்றி அண்டை வீட்டார் சண்டைக்கு வந்து, விஷயம் போலீஸ் வரைக்கும் போயிருந்தது. போன ஞாயிறுதான் பாஸ்டர் பீடத்திலிருந்தே, "கொஞ்ச நாளைக்கு அடக்கமா இருங்க. மத்தவங்க சாமி விஷயத்துல நல்லதுக்குக்கூட வாயத் திறக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். மேடை கட்டாதே என்று இந்த ஊரில் வேறு யார் சொன்னாலும் அது மரத்தைப் பற்றிய பேச்சு. தபீதாள் சொன்னால் அது வேறு பேச்சு.

மஞ்சள் தட்டோடு நின்ற துர்கா அவளைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, வாக்கா! காப்பி போட்டு வெச்சிருக்கேன், குடிச்சுட்டுப் போ!"

"இல்ல துர்கா, சர்ச்சுக்கு லேட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, தபீதாள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். தெருவைத் தாண்டும்வரை திரும்பவில்லை.

மேடை அழகாகத்தான் இருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கருங்கல், நடுவில் சிமெண்டுக்குள் புதைந்த தண்டு. தண்டுக்குப் புடவை சுற்றி, மஞ்சள் பூசி, கண் வைத்திருந்தார்கள். ஜாதரை அன்று குழந்தை கங்காவை அதன் மேல் கிடத்தி எடுத்தார்கள். தெருவே அம்பலிக் கூழ் குடித்தது. துர்கா தபீதாளின் வீட்டுக்கும் ஒரு சொம்பில் அனுப்பினாள்.

மார்கழி வந்தபோது மரத்தின் உச்சி கருகியது. அந்தக் குளிரில் ஊரிலுள்ள வேப்ப மரங்களுக்கெல்லாம் அப்படித்தான் ஆனது. கொஞ்ச வருஷமாகவே அந்தப் பக்கத்து வேம்புகளுக்கு வருகிற நோய் அது. நுனி காயும், பங்குனியில் மறுபடி துளிர்க்கும். எல்லோரும் அதையே சொன்னார்கள். தபீதாளும் சொன்னாள். அந்த நோயை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நோய் என்றால் யார் மேலும் தப்பில்லை.

பங்குனியில் ஊரெல்லாம் வேம்புகள் செம்பு நிறத்தில் துளிர்த்தன. ரைஸ் மில் தெருமுனையில் மட்டும் நாலைந்து கொத்துத் தளிர் வந்து, விரிவதற்குள் சுருங்கிப்போனது. யாமினி தினமும் திருப்பதியிலிருந்து போன் போட்டு, குழந்தை பால் குடித்ததைச் சொல்வதற்கு முன்னால், "அம்மா, மரம் துளுத்துச்சா?" என்று கேட்டாள். துர்கா முதலில் இல்லை என்றாள். பிறகு துளிர்க்கிறது என்று பொய் சொல்லத் தொடங்கினாள். இதைத் துர்காவே தபீதாளிடம் சொல்லி அழுதாள். "கங்கம்மா என்மேல கோவமா கீறாளாக்கா? நான் மொக்குல எதுனா குறை வெச்சுட்டேனா?"

மொக்கு என்றால் அங்கே வேண்டுதல். நீ குறை வைக்கவில்லை துர்கா, நீ நிறைவாகச் செய்ததுதான் அதைக் கொல்கிறது என்று எந்த வாயால் சொல்வது? தபீதாளுக்கு அது வரவில்லை. தியோடரிடம் புலம்பினாள்.

"மரம் செத்தா உன்னை எவனும் கேக்க மாட்டான். மேடைய ஒடைன்னு சொன்னா ஊரே வந்து கேக்கும். பேசாம கிட" என்றார் அவர். பயத்தில் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

தபீதாள் பேசாமல் கிடக்கவில்லை. ஆனால் பேச வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் போய்ப் பேசினாள். துர்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல், சிவசங்கரனின் ஸ்டேஷனரி கடைக்குப் போனாள். தண்டைச் சுற்றி இரண்டு முழம் சிமெண்டை மட்டும் எடுத்துவிட்டால் போதும், மேடை அப்படியே இருக்கட்டும், மேஸ்திரியை நானே கூட்டி வருகிறேன் என்று மெதுவாக, கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னாள்.

சிவசங்கரன் கேட்டு முடித்தார். கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார்.

"மேடம், இது தேவுடு விஷயம், சாமி விஷயம். ஊரெல்லாம் மரம் காயுது, நம்மது ஒண்ணு மட்டும் மேடையாலயா காயுது? சரே, மேடையாலன்னே வெச்சுக்கலாம். அம்மவாரு மேடைய ஒடைன்னு எங்களுக்கு வந்து சொல்றது நீங்களா மேடம்?"

அந்த "நீங்களா" அவளை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பியது. சாயங்காலத்துக்குள் தெரு வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி ஓடியது. கிறிஸ்டியன் மேடம் அம்மவாரு மேடையை உடைக்கச் சொல்கிறார்கள் என்பது மட்டும் அதில் இருந்தது. கழுத்தைப் பற்றி ஒன்றுமில்லை. மரத்தைப் பற்றிக்கூட ஒன்றுமில்லை.

அடுத்த வகுப்புக்கு அந்தத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. பக்கத்துத் தெருக்காரர்களும் வரவில்லை. இத்தனை வருஷம் அவள் சொன்னபடி தங்கள் கழுத்தைப் பிடித்து நின்றவர்கள், எதிரே வந்தால் போனைப் பார்த்தபடி கடந்தார்கள். அதெல்லாம் போகட்டும். துர்கா கூப்பிடவில்லை. அதுதான் அவளை அறுத்தது. போன் அடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பாள், வேறு யாராவதாக இருக்கும்.

திருப்பதியில் மாதக் கூட்டம் முடிந்ததும் அறக்கட்டளையின் பிரபாகர் அவளைத் தனியாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இதமாகச் சொன்னார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல மேடம். ஆனா கொஞ்ச நாளைக்கு சித்தூர் வேணாம். ரேணிகுண்டா ரோட்டுல புதுசா ஒரு காலனி சேர்ந்திருக்குது, அங்க எடுங்க."

எடுத்தாள். தினமும் காலை பஸ்ஸில் போனாள். காலனிப் பெண்கள் ஆசையாக வந்து நின்றார்கள். கன்று இருக்கும் பிளாஸ்டிக் பையை அடியில் மட்டும் கிழிக்காமல் முழுக்க உரித்து எடுக்கக் காட்டினாள். தண்ணீரைத் தண்டில் ஊற்றாமல் தள்ளி ஊற்றக் காட்டினாள். பிறகு, "கையத் தூக்குங்க, கழுத்தப் பிடிங்க" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே பிடித்தார்கள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மூச்சு முட்டி ஒருத்தி இருமிய பிறகுதான், "விடுங்கம்மா, விடுங்க" என்றாள். அன்று வகுப்பு அவ்வளவுதான்.

மறுபடியும் ஜாதரை நெருங்கியது. ஒரு காலையில் தபீதாள் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் துர்கா வந்து நின்றாள். தலை குளித்து ஈரம் சொட்டியது. நெற்றியில் பெரிய குங்குமம். கையில் கடப்பாரை.

தியோடர் பேப்பரோடு எழுந்து நின்றுவிட்டார்.

"பயப்படாத மாமா, உன்ன அடிக்க வரல" என்றாள் துர்கா. பிறகு தபீதாளைப் பார்த்தாள். "சிவசங்கரன் கிட்ட போய் சொன்னியாமே. மேடைதான் மரத்தக் கொல்லுதுன்னு. நெஜமா?"

"நெஜம் துர்கா."

"நோய் இல்ல?"

"நோயும் இருக்கும். ஆனா நோய் வந்த மரமெல்லாம் துளிர்த்துடுச்சு. இதுக்கு வேரும் போச்சு, கழுத்தும் போச்சு."

துர்கா அழுவாள் என்று தபீதாள் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"நேத்து அம்மாகிட்ட பூ வெச்சுக் கேட்டேன். ஒடைக்கட்டுமான்னு. வலப்பக்கம் உழுந்துச்சு. வா, போலாம். நான் கட்டுன மொக்கு, நானே ஒடைக்கறேன். நீ மட்டும் கைய வைக்காத. தள்ளி நின்னு எங்க குத்தணும்னு வாயால சொல்லு. எவனாச்சும் போன்ல படம் புடிச்சுக்கினு இருப்பான்."

போனார்கள். துர்கா மேடைமேல் கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம் பழத்தை நறுக்கி வைத்து, சுற்றியிருந்த புடவையை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முதல் குத்து விழுந்ததும் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிவசங்கரன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

"அக்கா, ஏமிக்கா இது? ஜாதரைக்கு முன்னால..."

"மொக்கு உன்னுதா என்னுதா?"

"உங்களுதுதான், ஆனா ஊரு..."

"ஊரு வந்து ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்துச்சா? இவ இருந்தா. தள்ளு."

அந்தக் குரலுக்கு முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் போய் நின்று போனை எடுத்தார். தபீதாள் தெருவின் மறுபக்கத்தில், ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி நின்றாள். "கிட்டக் குத்தாத, பட்டையில படும். சாய்ச்சுப் பிடி. அப்படித்தான்" என்று அங்கிருந்தே சொன்னாள். துர்கா சொன்னபடி குத்தினாள். வெயில் ஏறியது. சிமெண்டு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கடைசியில் கடப்பாரையைப் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தாள். பழைய ஸ்பூன்தானா, வேறா என்று தபீதாளுக்கு அங்கிருந்து தெரியவில்லை.

கழுத்து வெளியே வந்தது. யானைக் கால் போல விரிந்திருந்த இடம் கறுத்து, ஈரமாக, புளித்த நாற்றத்தோடு இருந்தது. துர்கா கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். பட்டைக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று தபீதாள்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பழுப்பாக இருந்தது. நகர்ந்து சுரண்டினாள். பழுப்பு. மண்டியிட்டபடியே மரத்தைச் சுற்றி வந்தாள். சாக்கடைப் பக்கம் மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, மங்கலாக ஒரு பச்சை தெரிந்தது.

"பொழைக்குமாக்கா?"

தபீதாள் தெருவைக் கடந்து பக்கத்தில் வந்து பார்த்தாள். இத்தனை வருஷமாக எந்தச் செடியைப் பற்றிக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிறவள்.

"தெரியல துர்கா."

"என் பேத்திக்கு ஒண்ணும் ஆகாது இல்ல?"

"ஆகாது. மரம் வேற, புள்ள வேற. அது நல்லாத்தான் இருக்கும்."

துர்கா பெயர்த்த கல்லின்மேல் உட்கார்ந்தாள். கை முழுக்கக் கீறல். பிறகு, அவளால் எவ்வளவு மெதுவாகப் பேச முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பேசினாள்.

"பள்ளம் தோண்டுன அன்னைக்கு நீ இந்தப் பக்கமா வந்த. காப்பி குடிச்சுட்டுப் போன்னு கூப்டேன். சர்ச்சுக்கு லேட்டாச்சுன்னு சொல்லிக்கினு போய்ட்ட."

"ஆமா."

"அன்னைக்கு சனிக்கிழமக்கா."

துர்கா ஸ்பூனில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அப்பவே எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. வேலையில மறந்துட்டேன். ஒரு புடி மண்ணுக்கு நடுத்தெருவுல என்னக் கிழிச்சவ நீ. அன்னைக்கும் அப்படிக் கத்தியிருந்தா நிறுத்தியிருப்பேன். வேற மாதிரி மொக்கு கட்டியிருப்பேன், அம்மா வேணாம்னா சொல்லப் போறா? எவன் இன்னா சொல்லியிருந்தாலும் உன் பேச்சத்தான் கேட்டிருப்பேன். உனக்கு அது தெரியாமப் போச்சு பாரு. நான் உன்ன அக்கான்னுதான் நெனச்சுக்கினு இருந்தேன். நீ என்ன ஊர்க்காரங்களோட சேத்து வெச்சுட்ட."

தபீதாள் சொல்வதற்கு எவ்வளவோ வைத்திருந்தாள். ஜெபக்கூட்டச் சண்டை, பாஸ்டர் சொன்னது, தியோடரின் பயம் எல்லாம் தொண்டை வரை வந்தன. எல்லாமே உண்மைதான். ஒன்றையும் இவளிடம் சொல்ல முடியாது என்று தெரிந்தது. சிவசங்கரனிடம் பயப்பட்டது நியாயம், தெருவிடம் பயப்பட்டது நியாயம். துர்காவிடம் பயப்பட்டாளே, அதற்கு எந்த நியாயமும் இல்லை.

துர்கா எழுந்து மறுபடி மண்டியிட்டு, பச்சை இருந்த பக்கத்து மண்ணை ஸ்பூனால் சுரண்டத் தொடங்கினாள். எதிர்வீட்டுத் திண்ணையில் சிவசங்கரனின் போன் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

தபீதாள் செருப்பைக் கழற்றினாள். மேடையில் ஏறி, துர்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெறுங்கையால் மண்ணை அள்ளி வெளியே போடத் தொடங்கினாள். துர்கா அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை.